காப்பி கொண்டுவந்தவர்

அந்த முதியவருக்குக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குச் சம்பளம் தனி. அதற்கு மேல் ஆண்டுக்கு 5 பவுண்ட் கூடுதலாகக் கிடைத்தது. அந்தப் பணத்துக்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விடிவதற்கு முன் எஜமானரை எழுப்பிக் கையில் காப்பியைக் கொடுத்துவிட வேண்டும். ஐந்தரை மணிக்கு எஜமானர் மேசை முன் உட்கார்ந்திருக்க வேண்டும். லண்டனுக்கு வடக்கே, வால்தம் கிராஸில் இருந்தது வீடு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்தப் பக்கம் எட்டு மணிக்குத்தான் சூரியன் எட்டிப்பார்க்கும். ஐந்தேகாலுக்கு ஒருவர் கைக்குக் காப்பி வர வேண்டுமென்றால் இன்னொருவர் அதற்கு வெகு முன்னதாக எழுந்து, அந்தக் குளிரில் வெளிச்சம் ஏற்றியிருக்க வேண்டும். அந்த வீட்டில் குடியிருந்த பன்னிரண்டு வருடத்தில் முதியவர் ஒரு நாள்கூடப் பிந்தி வந்ததில்லை என்று எஜமானர் எழுதிவைத்திருக்கிறார்.

எஜமானர் பெயர் ஆண்டனி ட்ரோலப். 47 நாவல்கள் எழுதியவர். எழுத்து அவருக்கு முழுநேரத் தொழிலாக இருக்கவில்லை. 1834 முதல் 1867 வரை 33 வருடம் தபால் இலாகாவில் உத்தியோகம். சானல் தீவுகளில் 1852இல் தெருவோரத் தபால்பெட்டிகள் முதன்முதலாக வைக்கப்பட்டது அவர் பரிந்துரையில்தான். நம் ஊர்த் தெருமுனைகளில் இன்னும் மிச்சமிருக்கும் சிவப்புப் பெட்டிக்கு அந்த வகையில் அவர் ஒரு தூரத்து உறவு.

எழுத்தாளர்களிடம் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எத்தனை மணிக்கு எழுதுவீங்க?” புத்தகம் ஒன்றைப் பாதியில் வைத்துக்கொண்டு திண்டாடும் இளைஞர்களானால் இன்னும் நுணுக்கமாகக் கேட்பார்கள்: காலையா ராத்திரியா, பேனாவா கணினியா, நாளுக்கு எத்தனை வார்த்தை? பதில்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. “அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார் விழித்திருப்பார்கள்?” என்று யாரும் கேட்பதில்லை. ட்ரோலப் கேட்காமலே பதில் சொல்லியிருக்கிறார். தனக்குக் கிடைத்த வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்தக் குதிரைக்காரருக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோமோ என்று சுயசரிதையில் யோசிக்கிறார்.

அவர் இயல்பிலேயே ஒழுங்கானவர் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பது வயதில், ஆண்டுக்கு 90 பவுண்ட் சம்பளத்தில், லண்டன் தலைமைத் தபால் நிலையத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே ஏழு வருடம் அவர் எடுத்த பெயர், நேரத்துக்கு வராதவர், கடன்காரர், உருப்படாதவர் என்பதுதான். 1841இல் அயர்லாந்துக்கு மாற்றிக்கொண்டு போனபோது லண்டன் மேலதிகாரி நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். அயர்லாந்தில்தான் வேலையும் பிடித்தது, குதிரையேற்றமும் பிடித்தது, எழுத்தும் தொடங்கியது. முதல் நாவல் 1847இல் வந்தது. விற்கவில்லை. அடுத்த இரண்டும் அப்படியே.

பிறகு கிராமப்புறத் தபால் பட்டுவாடாவைச் சீரமைக்க ஊர் ஊராகச் சுற்றும் வேலை வந்தது. இன்றைக்குப் பலர் “இந்த வேலையில் எங்கே எழுதுவது?” என்று கையை விரிக்கும் இடம் இது. ட்ரோலப் மடியில் வைத்து எழுதச் சிறு பலகை ஒன்று செய்துகொண்டார். ரயில்பெட்டியில் உட்கார்ந்து பென்சிலால் எழுதினார். எதிர்ப் பெஞ்சிலிருந்து யாராவது உற்றுப் பார்ப்பார்களே என்று முதலில் கூச்சம். சில நாளில் அதுவும் போய்விட்டது. ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலில் பெரும்பகுதி அப்படி ஓடும் ரயிலில் எழுதப்பட்டது. குலுங்கிய பென்சில் கோடுகளைப் பிறகு மையால் நகலெடுத்தவர் மனைவி ரோஸ். அந்த நாவல் 1857இல் வெளிவந்து அவரை நிலைநிறுத்தியது.

வால்தம் கிராஸுக்கு வந்தபின் அமைந்த காலை இப்படி. ஐந்தரைக்கு மேசை. முதல் அரைமணி புதிதாக ஒரு வரியும் எழுதுவதில்லை. முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். கண்ணால் பிழை பார்ப்பதைவிடக் காதால் ஓசை பார்ப்பது முக்கியம் என்பது அவர் கட்சி. பிறகு கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைப்பார். கால்மணிக்கு 250 வார்த்தை. பேனாவைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பது கிடையாது. எட்டரைக்குள் எழுந்துவிடுவார். அப்புறம் உடை மாற்றி, சாப்பிட்டு, ஆபீஸ். வாரத்தில் சில நாள் நரி வேட்டை, மாலையில் கிளப்பில் சீட்டாட்டம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவர் எழுதுவது வீண் என்று அவர் நம்பினார். எழுத்தே வாழ்க்கை என்று சொல்லிக்கொள்ளும் நம் சிறுபத்திரிகை மரபில் இதைக் கேட்டால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

நாவல் தொடங்குமுன் ஒரு குறிப்பேடு போட்டுவிடுவார். எத்தனை வாரத்தில் முடிக்க வேண்டுமோ அத்தனை கட்டம். அன்றன்று எழுதிய பக்கங்களை அதில் குறிப்பார். பக்கம் என்று பொதுவாகச் சொன்னால் ஏமாற்றிக்கொள்ளலாம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆகவே பக்கத்துக்கு 250 வார்த்தை என்று வகுத்து, ஒவ்வொரு வார்த்தையாக எண்ணினார். சராசரியாக வாரத்துக்கு 40 பக்கம். மிகக் குறைந்தது 20. ஒரு வாரம் 112 வரை போனதுண்டு. சோம்பிக் கழித்த நாளின் வெற்றுக் கட்டம் மறுநாள் குறிப்பேட்டைத் திறந்ததும் முகத்தில் அறையும். மேலதிகாரிக்குப் பயப்படாத அந்தப் பழைய குமாஸ்தா கடைசியில் பயந்தது தான் போட்ட கட்டத்துக்கு.

1858இல் தபால் ஒப்பந்தம் பேச எகிப்துக்குக் கப்பலில் போனார். கடல் கொந்தளிப்பு. கையில் ‘டாக்டர் தோர்ன்’ நாவல். கப்பல் அறையில் எழுதிக்கொண்டிருப்பார், குடலைப் பிரட்டும், காகிதத்தை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுப்பார், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து விட்ட வாக்கியத்தைத் தொடர்வார். அந்த நாவல் எகிப்தில் முடிந்தது. மறுநாள் அடுத்த நாவலைத் தொடங்கினார். 1871இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, கப்பல் அறைக்குள் மேசை ஒன்று பொருத்தித் தரச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு. எட்டு வாரப் பயணத்தில் ‘லேடி ஆனா’ முழுவதும் எழுதி முடிந்தது. 1875இல் அட்லாண்டிக்கில் அவரோடு ஒரே கப்பலில் பயணம் செய்த ஹென்றி ஜேம்ஸ், கப்பலில் கூட்டமும் கடலில் ஆட்டமுமாக எல்லாரும் அவதிப்பட்டபோது இந்த மனிதர் மட்டும் காலைதோறும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதியதைப் பிற்பாடு பதிவு செய்தார். வியப்பும் லேசான கேலியும் கலந்த பதிவு.

கேலிக்குக் காரணம் உண்டு. ட்ரோலப் 1882இல் இறந்தார். மறு ஆண்டு சுயசரிதை வெளிவந்தது. கடிகாரமும் கட்டங்களும் ஊருக்குத் தெரிந்தன. நாவல் எழுதத் தேவை நாற்காலியில் செருப்புத் தைப்பவரின் மெழுகுதான், அதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று அவர் சொன்னது உள்ளொளியை நம்பியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பல வருடம் அவர் பெயர் கீழே கிடந்தது. 47இல் சில சாதாரணமானவை என்பதும் நிஜம். அதே கடிகாரத்தின் முன்தான் ‘தி லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்’ உருவானது என்பதும் நிஜம்.

கடிகாரத்தைப் பார்த்தவர்கள் அதே புத்தகத்தில் இன்னொன்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத சிறுவன் ட்ரோலப், தனக்குள் ஒரே கதையை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பான். நடக்க முடியாதது எதுவும் அதில் வரக்கூடாது என்று தனக்கே ஒரு விதி. வளர்ந்த பிறகும் பாத்திரங்களோடு இரவும் பகலும் குடித்தனம் நடத்தாதவனால் நாவல் எழுத முடியாது என்பதே அவர் சொன்னது. மீதி இருபத்தொரு மணி நேரத்தில், குதிரை மேலும் ரயிலிலும் கோப்புகளுக்கு நடுவிலும் ஊறியதுதான் அந்த மூன்று மணி நேரத்தில் இறங்கியது. காலை ஐந்தரைக்கு எழுந்து வெறும் தலையோடு உட்கார்ந்தால் கால்மணிக்கு 250 வார்த்தை வராது. தூக்கம்தான் வரும்.

இந்த ஒழுங்கை அவர் யாரிடம் கற்றார்? அம்மாவிடம்.

ஃபிரான்சிஸ் ட்ரோலப்பின் முதல் புத்தகம் வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அமெரிக்கர்களின் வீட்டுப் பழக்கவழக்கங்களைப் பற்றிய அந்த நூல் 1832இல் வெளிவந்து பரபரப்பாக விற்றது. கணவர் வக்கீல் தொழிலிலும் தோற்று, விவசாயத்திலும் தோற்றவர். 1834இல் கடன்காரர்களுக்குத் தப்பிக் குடும்பமே பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்துக்குப் போய் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தது. அங்கே மகன் ஹென்றிக்குக் காசநோய். கணவரும் படுக்கையில். வருமானம் என்று இருந்தது அம்மாவின் பேனா மட்டும். மருந்துக் குப்பியும் மைக்கூடும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பகலெல்லாம் நோயாளியின் தலைமாட்டில். இரவில் நாவல். அதுவும் வாசகர் சிரிக்க வேண்டிய நாவல். ஹென்றி அந்த டிசம்பரில் இறந்தார். அடுத்த அக்டோபரில் கணவர். அதற்கடுத்த பிப்ரவரியில் மகள் எமிலி. அந்த அம்மா காலை நான்கு மணிக்கே மேசைக்கு வந்து, உலகம் கண்விழிப்பதற்குள் அன்றைய எழுத்தை முடித்துவிடுவார் என்று மகன் எழுதுகிறார். வாழ்நாளில் அவர் எழுதியவை 114 தொகுதிகள்.

மகனுக்காக அந்த மூன்று மணி நேரம் வீடே ஒதுங்கி வழிவிட்டது. அம்மா தானே வழியை வெட்டிக்கொண்டார். நான்கு மணிக்கும் ஐந்தரைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எழுத்தாளருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இன்னொருவர் எப்போதும் சம்பளத்துக்கு வருபவராக இருப்பதில்லை. 1866 அக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கியின் நிலை ட்ரோலப்புக்கு நேர் எதிர். ஒரு பதிப்பாளரிடம் முன்பணம் வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. நவம்பர் 1க்குள் புதிய நாவல் ஒன்றைத் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுத்தெல்லாம் அந்தப் பதிப்பாளருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம். ‘குற்றமும் தண்டனையும்’ ஒரு பக்கம் தொடராக வந்துகொண்டிருந்தது. புதிய நாவலில் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. நண்பர்கள் சொல்லிச் சுருக்கெழுத்துப் பயின்ற ஒரு பெண்ணை வரவழைத்தார். அன்னா கிரிகோரியேவ்னா, இருபது வயது. பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை அவர் சொல்லச் சொல்ல இவர் குறித்துக்கொள்வார். இரவு வீட்டில் உட்கார்ந்து விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவார். ராத்திரியில் மட்டுமே எழுதிப் பழகியவருக்கு, பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு ஆள் வந்து பென்சிலோடு உட்கார்ந்ததே ஒழுங்காகிவிட்டது. 26 நாளில் ‘சூதாடி’ முடிந்தது. பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லை. கையெழுத்துப் பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்துத் தேதியிட்ட ரசீது வாங்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் அன்னாவுக்கும் தஸ்தயேவ்ஸ்கிக்கும் திருமணம்.

தமிழில் அந்தக் காப்பியைக் கொண்டுவந்தது பெரும்பாலும் அச்சகம். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் ‘கல்கி’யில் வந்தது. அத்தியாயம் கைக்கு வந்தால்தான் மணியம் படம் போட முடியும். அச்சுக்கோப்பவர் எழுத்தை அடுக்க முடியும். மூன்றரை வருடம் அந்தச் சக்கரத்தில் கட்டுண்டு ஒருவர் ஐந்து பாகம் எழுதினார். அது அவசரத்தில் எழுதியது என்று குறைசொல்பவர்கள் உண்டு. அவசரம் இல்லாமலிருந்தால் எழுதியிருப்பாரா என்பது வேறு கேள்வி. உ.வே.சாமிநாதையரும் அப்படித்தான். 1940 ஜனவரியில் ‘ஆனந்த விகட’னில் ‘என் சரித்திரம்’ தொடங்கியபோது அவருக்கு 84 வயது. மாணவர் கி.வா.ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். வாரத்துக்கு ஒன்றாக 122 அத்தியாயம் வந்தன. 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். சரித்திரம் ‘மணிமேகலை’ப் பதிப்பு வந்த கட்டத்தோடு நின்றுபோனது. நாற்பது வருட வாழ்க்கை எழுதப்படாமல் போயிற்று. விகடன் கேட்காமலிருந்தால் முன்பாதியும் கிடைத்திருக்காது.

வாரம் என்பதை நாளாகச் சுருக்கியவர் ஜெயமோகன். 2014 ஜனவரி 1 அன்று தன் இணையதளத்தில் ‘வெண்முரசு’ தொடங்கினார். நாளுக்கு ஓர் அத்தியாயம். ஒரு நாவல் முடிந்து அடுத்தது தொடங்குமுன் சிறு இடைவெளி. 2020 ஜூலையில் 26 நாவல்களோடு நிறைவு. பத்து வருடம் ஆகும் என்று திட்டமிட்டது ஆறரை வருடத்தில் முடிந்தது. அதன் தரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். எழுதும் வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்க்க வேண்டியது, நாளை அத்தியாயம் வருமென்று காத்திருந்த வாசகக் கூட்டத்தை. ட்ரோலப் காசு கொடுத்து வைத்திருந்த ஆளை இவர் அறிவிப்பு ஒன்றால் ஆயிரக்கணக்கில் வரவழைத்துக்கொண்டார்.

அப்படி ஒருவரும் வராத இடமும் உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில், வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட பெண் சல்மா. திருமணத்துக்குப் பிறகு எழுதக்கூடாது என்றார்கள். வீடு உறங்கியபின் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு கிடைத்த தாளில் எழுதியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேசை கிடையாது, நின்றபடிதான். எழுதிய தாளை ஒளித்துவைக்க ஓர் இடம் தேட வேண்டும். அது வெளியே போக வழி தேட வேண்டும். வழியானவர் அவருடைய தாயார். ரொக்கையா என்ற பெயரில் அச்சாகியிருந்தால் வீட்டில் தெரிந்துபோயிருக்கும். சல்மா என்ற பெயர் அப்படி வந்தது. முதல் கவிதைத் தொகுப்பு 2000இல் வந்தது. 2004இல் வந்த நாவலின் பெயர் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. கவிதையைத் தாழிட்ட கதவுக்குப் பின்னால் துண்டுத்தாளில் எழுதிவிடலாம். ஐந்நூறு பக்க நாவலை அப்படி எழுத முடியாது. 2001இல் சல்மா பேரூராட்சித் தலைவரானார். நாவல் வந்தது அதற்குப் பிறகு.

காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்த நான்கு மணிக்குத் தண்ணீர் லாரி வரும் தெருக்கள் இருக்கின்றன. ஐந்தரைக்குப் பால் காய்ச்சி, ஆறரைக்கு டிபன் டப்பா கட்டி, ஏழேகாலுக்குப் பள்ளி வேனில் ஏற்றிவிட வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒருவர் எழுதுவதற்கு எழுந்தால், அந்த நேரத்தின் வேலைகள் இன்னொருவர் தலையில் இறங்குகின்றன. அதைப் பேசித் தீர்த்துக்கொண்ட வீட்டில் நாளுக்கு ஒரு பக்கம்கூட வருடத்தில் ஒரு புத்தகமாகிவிடும். பேசாத வீட்டில் முதல் வாரத்திலேயே கடிகாரம் தோற்கும்.

ட்ரோலப் கணக்கில் கறாரானவர். சுயசரிதையின் முடிவில் தன் புத்தகங்களையும் ஒவ்வொன்றும் ஈட்டிய தொகையையும் பட்டியலாகவே போட்டிருக்கிறார். மொத்தம் 68,939 பவுண்ட், 17 ஷில்லிங், 5 பென்ஸ். பென்ஸ் வரை விடவில்லை. குதிரைக்காரருக்குக் கொடுத்த 5 பவுண்டை நாளுக்கு வகுத்தால் மூன்றேகால் பென்ஸ் வரும்.

நன்றி சொன்ன அந்தப் பத்தியில் ‘வயதான குதிரைக்காரர்’ என்றுதான் இருக்கிறது. அவர் பெயர் பார்னி.